ஒரு பொட்டலம் புண்ணியம்

"ஒரு பொட்டலம் குடுடா."

குரலைக் கேட்டதும் பல்லியின் கை தானாகப் புருவத்துக்குப் போனது. அங்கே இருந்த தழும்பு இவள் போட்டது. போன மாதம் இதே இடத்தில், "என் பையன் மேல இனி உன் நிழல் பட்டுச்சுன்னா..." என்று சொல்லிக்கொண்டே அரைச் செங்கலை வீசியவள். கட்டட வேலையில் செங்கல் சுமக்கிறவளுக்குக் குறி தப்புமா?

"எந்த ஸ்டேஷன்லக்கா சொல்லி அனுப்பினாங்க?"

"நீ குடுக்கறதுலயே அவங்களுக்கு வயிறு நிறையுது. என்னை எதுக்கு அனுப்பறாங்க? குடு."

பல்லி சுற்றிலும் பார்த்தான். குடோன் சுவரோடு ஒட்டியே நிற்பதால் அவனுக்கு அந்தப் பெயர். எதிரே பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். வேறு ஈ காக்கை இல்லை. சுவரோரம் அரசாங்கம் நட்டிருந்த பெரிய பலகை, 'போதையை விடுங்கள், இலவச சிகிச்சை பெறுங்கள்' என்றது. பல்லி வியாபாரம் செய்வது அந்தப் பலகையின் நிழலில்தான்.

"யாருக்கு?"

"என் பையனுக்குத்தான். பின்ன எனக்கா?"

"அவன் விட்டுட்டான்னு சொன்னாங்களே. ஆளையே காணோம்."

"விட்டுட்டான். கதவுக்குக் குறுக்க நான் படுத்துக் கிடந்தேன். கத்தினான், வாந்தி எடுத்தான், என் கையைக் கடிச்சான். இப்போ கஞ்சி குடிக்கறான்."

"அப்புறம் எதுக்குக்கா இது? அவன் கேட்டானா?"

"அவன் வேணாம்னுதான் சொல்லுவான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "டீயில கலந்து குடுத்தா அவனுக்குத் தெரியுமா?"

பல்லி எத்தனையோ பேரைப் பார்த்தவன். பெண்டாட்டியின் தோட்டை விற்று வந்தவன், அப்பனுக்கு வாங்கிய மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவன் என்று எல்லா ரகமும் இந்தச் சுவரோரம் வந்து நின்றிருக்கிறது. பெற்ற மகனுக்குத் தெரியாமல் கலக்கிக் கொடுக்கப் பொட்டலம் கேட்கிற தாயை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"உனக்கென்ன கிறுக்கா? பலகையில எழுதியிருக்கு பாரு. கூட்டிட்டுப் போய்ச் சேக்க வேண்டியதுதானே?"

"சாத்தான் வேதம் ஓதுது," என்றாள். "எனக்கும் படிக்கத் தெரியும்டா. நான் வீட்டுலயே காவல் உக்காந்து அடுப்புல பூனை தூங்குது. மறுபடி கல்லு சுமக்கப் போனா, அன்னிக்குச் சாயங்காலமே அவன் உன்கிட்டதான் வந்து நிப்பான். எனக்கு அவன் உசிரோட வேணும். குடு."

பல்லிக்குத் தம்பியின் ஞாபகம் வந்தது. மூட்டை தூக்கி முறுக்கேறின உடம்பு. அவனும் இப்படித்தான் விட்டிருந்தான். தெருவே மெச்சியது. ஒரே ஒரு நாள் பழைய அளவைப் போட்டான். விட்ட உடம்பு தாங்கவில்லை. விடிந்து பார்த்தபோது எறும்பு மொய்த்துக் கிடந்தான். அது யார் மடித்த பொட்டலம் என்று யாரும் கேட்கவில்லை.

"இரு," என்று சொல்லிவிட்டுப் பஞ்சர் கடைக்குள் போனான். வெயிலுக்குக் கரைத்துக் குடிக்கக் கடைக்காரர் குளுக்கோஸ் டப்பா வைத்திருப்பார். அதில் ஒரு சிட்டிகை எடுத்து எப்போதும் போலக் காகிதத்தில் மடித்தான்.

"பாதிதான் போடணும்," என்று ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொன்னான். காசையும் வாங்கிக்கொண்டான். வாங்காவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும்.

அவள் தலை மறைந்ததும் கடைக்காரர் கேட்டார். "என்னடா, என் குளுக்கோஸை விக்க ஆரம்பிச்சுட்ட?"

"ஒரு நாள் நல்லவனா இருந்து பாக்கறேண்ணே."

"பாத்துடா. பழக்கமாயிடப் போகுது."

அன்று ராத்திரி பல்லி அசந்து தூங்கினான்.

மறுநாள் மத்தியானம் அவள் மறுபடி வந்தாள். கையில் செங்கல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தான். இல்லை. பின்னால் பையன் நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"அது பொடி இல்லதானே?" என்றாள்.

"குளுக்கோஸ்க்கா." பல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. "பெத்தவ நீ ஏதோ வெறுப்புல கேட்டுட்ட. நானும் கூடப்பிறந்தவனைப் பறிகுடுத்தவன். எப்படி மனசு வரும்? பிள்ளை பொழைச்சான்னு நினைச்சுக்க."

அவள் திட்டவில்லை. பலகையின் காலில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள்.

"போதையில இருந்தப்போ இந்தப் பலகையில போட்டிருக்கற ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், வரமாட்டேன்னான். தெளிஞ்சதும் அவனே வரேன்னான்ப்பா. போன வாரம் கூட்டிட்டுப் போனேன். டெஸ்ட்டு எடுத்தாங்க. உடம்புல பொடி இருந்தாத்தான் அரசாங்கம் அவன் பேருக்குப் பணம் அனுப்புமாம். இல்லாதவனுக்குக் கட்டில் கிடையாதாம். 'அடுத்த தடவை வரும்போது உடம்புல ஏதாவது இருக்கட்டும், யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு வார்டு ஆளு காதுல சொன்னான். மிச்சம் இருந்தது ஒரே கட்டில். இன்னிக்கோட சேக்கறதை நிறுத்தறாங்க."

பல்லி நிமிர்ந்து பலகையைப் பார்த்தான்.

"காலையில மறுபடி டெஸ்ட்டு எடுத்தாங்க. 'உங்க பையன் சுத்தமா இருக்கான், சந்தோஷமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா'ன்னு டாக்டர் அவனுக்குக் கை குடுத்து அனுப்பிட்டார்."

அவளுக்குப் பின்னால் பையன், பல்லியின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.