புல்லட் சத்தம்

ஆஸ்பத்திரிச் செலவு கையை மீறிப் போனதும் அரசாங்கம் சிகரெட் பெட்டியைப் பேச வைத்துவிட்டது. மூடியைத் திறந்தால் போதும், வாங்கியவர் வீட்டில் பத்து வருஷம் கழித்து என்ன சத்தம் இருக்குமோ அது கேட்கும். சௌந்தரபாண்டியனுக்கு எப்போதும் தன் இருமல்தான் கேட்கும். "இருமுறவன் உயிரோடதானப்பா இருக்கான்" என்று பெட்டிக்கடை காஜாவிடம் சொல்லிச் சிரித்துவிட்டுப் பற்றவைப்பார்.

அன்றைக்கு மூடியைத் திறந்தால் இருமலைக் காணோம். ஒரு புல்லட் தடதடத்தது. பெற்ற மகனைக்கூட அவர் தொடவிடாத, அவருடைய புல்லட்!

"வண்டி எப்படிடா ஓடுது?" என்றது அவர் மனைவியின் குரல்.

"சும்மா அள்ளுதுக்கா! மச்சான் எனக்குன்னே துடைச்சுத் துடைச்சு வச்சிருந்திருக்காரு, பாவம்." அது அவருடைய மச்சினன் ராக்கப்பன்.

சௌந்தரபாண்டியன் உதட்டில் வைத்த சிகரெட்டை எடுத்துப் பெட்டிக்குள்ளேயே செருகினார்.

"பயந்துட்டீங்களாண்ணே?" என்றான் காஜா.

"சாவுக்கெல்லாம் எவன் பயந்தான்? அந்தப் பயலுக்கா என் வண்டி? இனிமே ஒண்ணத் தொட்டேன்னா ஏன்னு கேளு!"

ஒரு மாதம் தொடவே இல்லை. பிறகு ஆவல் தாங்காமல் அதே பெட்டியைத் திறந்து காதில் வைத்தார்.

"ஒரே ஒரு ரவுண்டு மச்சான், சாவியக் குடுங்க."

"போடா அங்கிட்டு!" என்று அதட்டியது அவருடைய கிழட்டுக் குரலேதான்.

அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு சிகரெட்டை உருவி உதட்டில் வைத்துத் தீக்குச்சியை உரசினார்.

பெட்டிக்குள் மச்சினன் புல்லட்டை உதைத்துக் கிளப்பினான்.