பன்னிரண்டாவது பெயர்

தொண்ணூற்றேழில் இத்தாலியின் பலெர்மோ நகரத்துச் சின்ன ரேடியோ ஒன்றில் ஞாயிறு பின்னேரம் தமிழுக்கு அரை மணித்தியாலம் கிடைத்தது. ஊரிலிருந்து கப்பலேறி இன்னும் வந்து சேராதவர்களின் பெயர்களை அதில் மெற்றில்டா வாசிப்பாள். அன்று தாளில் பதினொரு பெயர்கள் இருந்தன.

நிகழ்ச்சி முடிய, அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஊர்க்காரர் கிறிகோரி அண்ணை போன் எடுத்தார். "கடைசியா உன்ரை தம்பி லோறன்ஸின்ரை பெயரையும் வாசிச்சாய். அவனும் வெளிக்கிட்டவனோ தங்கச்சி?"

"இல்லை அண்ணை, அவன் மன்னாரிலைதான். நான் அப்பிடி வாசிக்கேல்லை."

ஒலிப்பதிவுக் கசற்றை மூன்று தரம் போட்டுக் கேட்டாள். பன்னிரண்டு பெயர்கள். கடைசிப் பெயரையும் அவளுடைய குரல்தான் நிதானமாக வாசித்தது.

செவ்வாய்க்கிழமை அம்மாவின் கடிதம் வந்தது. "தம்பி உன்னட்டை வரக் கப்பலேறி ஒரு மாதம். உனக்கு முன்னமே சொல்லவேண்டாம் எண்டவன். வந்திட்டானோ பிள்ளை?"