டிக்கியில் மணல்மூட்டை

தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. ஒர்க்‌ஷாப் மூலையில், வளைவில் திரும்பாமல் மரத்தில் மோதி முகம் நசுங்கிய வண்டியின் டிக்கியை மெக்கானிக் கம்பியால் நெம்பித் திறக்கிறான். அந்த விபத்தில் இறந்துபோன கணவரின் குடையை எடுத்துப்போக வந்தவள் பக்கத்தில் நிற்கிறாள். அழுக்குப் பல்பின் வெளிச்சத்தில், உள்ளே மணல்மூட்டை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் வாயை நீல நூலால் தைத்தது அவள்தான். முன்பு வைத்திருந்த பழைய வண்டியைப் பின்சக்கரங்கள் தள்ளும்; ஈரச் சாலையில் வால் வழுக்காமலிருக்க மழைக்காலம் முழுக்க அந்தப் பாரம் ஏறும். "என் மாமியார் பின்னாடி உக்காந்தாதான் வண்டி அடங்கும்" என்று கணவர் மூட்டையைத் தட்டிச் சிரிப்பார். இந்தப் புது வண்டி வந்தும் பழக்கம் போகவில்லை. இருவருமாகத்தான் தூக்கி வைத்தார்கள்.

"இது முன்சக்கரம் இழுக்கிற வண்டியாச்சே! பின்னாடி இவ்ளோ பாரம் வச்சா முன்னாடி பிடிப்பு போயிடும். ஈரத்துல ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் நேராத்தான் ஓடும். எந்தப் புத்திசாலி..." என்றவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்துகிறான். கம்பியைச் சத்தமில்லாமல் கீழே வைக்கிறான். "இதனாலதான்னு சொல்ல முடியாதுக்கா. அந்த வளைவே அப்படித்தான்." அவள் நீல நூலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "இறக்கிடலாம் தம்பி." "நீங்க விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்." "ஒரு பக்கம் எப்பவும் நான்தான் பிடிப்பேன்" என்று குனிகிறாள். மூட்டை தரையில் இறங்கியதும் வண்டியின் பின்பக்கம் முனகிக்கொண்டே இரண்டு விரல் உயர்கிறது. நசுங்கிய முன்பக்கம், இப்போதுதான், தரையில் நன்றாக அழுந்தி நிற்கிறது.