முகத் தூரம்

பொற்கொடிக்கு ஐம்பத்திரண்டு வயது. கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கத் தொடங்கியதும் புது காண்டாக்ட் லென்ஸ் வாங்கக் காந்திபுரத்துக் கடைக்குப் போனாள். பழைய லென்ஸ் ஓராண்டாக எதையெல்லாம் பார்த்துப் பதிந்து வைத்திருந்தது என்று கடைப்பெண் ரெஹானா திரையில் ஓட்டினாள். அதை வைத்துத்தான் புது லென்ஸுக்கு எந்தெந்தத் தூரம் வேண்டும் என்று முடிவு செய்வார்கள்.

“போன், ஊசி, மாத்திரை அட்டை. இந்த மூணு தூரம் போதுங்கம்மா. கிட்டத்துல மனுச முகம் எதையுமே நீங்க பாக்கலீங்க.”

“தினமும் எம்பையனப் பாக்கறனே கண்ணு?”

“அது போன் தூரத்துலயே வந்துருதுங்க.”

பொற்கொடி திரையில் ஓடிய மாத்திரை அட்டையைப் பார்த்தாள். பிறகு, “முகத்துக்கும் சேத்தே குடு கண்ணு” என்றாள்.

ரெஹானா லென்ஸைப் பொருத்தினாள். சரிபார்க்க ஒரு முகம் வேண்டுமே என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் முகத்தையே அவள் எதிரே கொண்டுவந்தாள். இமையோரம் கலைந்திருந்த மையும், மேலுதட்டு வியர்வையும், கன்னத்துப் பருத் தழும்பும் பளிச்சென்று தெரிந்தன. அவள் மூச்சு பொற்கொடியின் கன்னத்தில் பட்டது.

“நல்லாத் தெரியுதுங்களா?”

“இல்ல கண்ணு, இன்னும் மங்கலாத்தான் இருக்குது.”

ரெஹானா இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தாள்.