ஓலை எடுத்த குழி

சொல்ல வந்ததை மூன்று விதமாக யோசித்து வைத்துக்கொண்டு மத்தியானம் கடற்கரைக்குப் போனேன். மூன்றுமே சரியாக வரவில்லை.

அப்பா மணலில் முட்டி போட்டு, ஆமை முட்டையிட்ட குழியின் மேலிருந்த தென்னங்கீற்றை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

அந்த நிழலை இத்தனை நாள் காத்தவரே அவர்தான். மணல் அதிகம் சூடானால் முட்டை எல்லாமே பெண் குஞ்சாகப் பொரிந்துவிடும். இந்த வருஷம் கடலே வெந்நீராகக் கிடக்கிறது. ஆணே இல்லாமல் போனால் அப்புறம் முட்டை ஏது, ஆமை ஏது? மாலைப் பள்ளியில் படித்ததை நான்தான் வந்து சொன்னேன். மறுநாளே எல்லாக் குழிகளுக்கும் ஓலை போட்டுவிட்டார்.

எங்கள் தொமினிக்கன் குடியரசின் கரையில் பெண் குழந்தையைச் செருப்பு என்பார்கள். கேலிதான். பெண்ணாகவே பெற்றவர் செருப்புக்காரர். அப்பாவுக்கு ஐந்து பெண்கள். அக்காமார் நால்வரும் மாட்ரிட்டில் வீட்டு வேலை செய்கிறார்கள். கடைசி நான்.

படகு நிழலில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த நிக்கானோர் மாமா கத்தினார்:

“என்னடா செருப்புக்காரா! வீட்ல கடை போட்டது பத்தாதுன்னு கடல்லயும் போடப்போறியா?”

“உனக்கு ஒரு ஜோடி எடுத்து வெக்கிறேன், வாடா!” என்றார் அப்பா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கேலிக்கு வீம்பாகத்தான் ஓலையை எடுக்கிறாரோ என்று நினைத்தேன். சுற்றிலும் பார்த்தேன். மற்ற குழிகளில் ஓலை அப்படியே இருந்தது. இந்த ஒன்றில் மட்டும்தான் இல்லை.

“இது பொண்ணாவே வரட்டும்” என்றார். “ஆம்பளை ஆமை கடலுக்குள்ள போனா மறுபடி கரையே ஏறாது, பொண்ணுதான் பொறந்த மணலுக்குத் திரும்பி வரும்னு நீதானே சொன்னே?”

“அப்படித்தான் எழுதிக்கிட்டேன்பா. தப்பாவும் எழுதியிருப்பேன்.”

அவர் குழியின் மேல் மணலை உள்ளங்கையால் தடவிச் சமமாக்கினார்.

“திரும்பி வர எவ்வளவு நாளாகும்?”

“இருபது, முப்பது வருஷம் ஆகும்பா.”

தலையாட்டினார். கீற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கடலைப் பார்த்தபடியே கேட்டார்:

“உனக்கு எத்தனை வருஷத்துக்கு விசா குடுத்திருக்காங்க?”