கோமளி போட்ட கணக்கு

மருதமரப் பொந்தில் ஒரு தேன்கூடு. ஆண் எத்தனை, பெண் எத்தனை, இளசு எத்தனை, கிழடு எத்தனை என்று பார்த்து, அடுத்த பூக்காலத்தில் கூடு எப்படியிருக்கும் என்று சொல்வது கோமளித் தேனீயின் வேலை. ஒருமுறை கூட்டம் பிரிந்து பாதி தனிக்குடித்தனம் போனபோது, பழைய ராணியும் இளசுகள் எல்லாமும் அதோடு பறந்துவிட்டன.

கோமளி கணக்குப் போட்டாள். நேராகப் புது ராணியிடம் போனாள்.

"மகாராணி, மிச்சமிருப்பது உட்கார்ந்து தின்கிற ஆண்களும் பூவுக்குப் பறக்கிற கிழவிகளும்தான். குஞ்சுகளுக்குப் பால் சுரப்பது இளம்பெண்களுக்கு மட்டுமே. அடுத்த பூக்காலத்தில் கூடு காலி."

"கணக்கில் பிசகு இருக்குமோ?"

"இதுவரை பிசகினதில்லை," என்றாள் கோமளி, அழமாட்டாக் குறையாக.

திரும்பும் வழியில், சிறகு கிழிந்த கிழவி சீரங்கி ஒரு குஞ்சுக்குப் பாலூட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"அக்கா, இந்த வயசில் உங்களுக்கேது பால்?"

"எனக்கும் தெரியலடி. இது பசியில் நெளிந்தது, மனசு கேட்காமல் பக்கத்திலேயே இருந்தேன். சுரந்துவிட்டது."

கோமளி தன்னையும் கிழவிகளோடு சேர்த்துத்தான் எண்ணியிருந்தாள். இப்போது பக்கத்து அறையில் நெளிந்துகொண்டிருந்த குஞ்சின் அருகே போய் உட்கார்ந்தாள்.