இன்னொரு சங்கரலிங்கம்

"வெளிய தல காட்டாத மக்கா. மில் முதலாளி ஆளுக உன்னைய முடிச்சிருவானுவ," என்றார் பிச்சையா.

சங்கரன்கோவிலில் தெருவுக்கு நாலு சங்கரலிங்கம் உண்டு. நகராட்சித் தேர்தலில் நிற்கும் மில் முதலாளியின் பெயரும் அதுதான். அவர் ஓட்டைப் பிரிக்கத்தான், மூட்டை தூக்கும் சங்கரலிங்கத்தையும் போட்டியில் நிறுத்தியிருந்தார் எதிர் வேட்பாளர் பிச்சையா.

"அவரு என்னைய என்ன செய்யப் போறாரு அண்ணாச்சி? ஜனம் வெவரமா இருக்கு. சின்னத்தப் பாத்துத்தான் குத்துவோம்னு சொல்லுதாவ. அவருதான் ஜெயிப்பாரு."

பிச்சையா தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "எதுக்கும் எலெக்ஷன் முடியுத மட்டும் என் தோட்டத்துல வந்து படுத்துக்கோ," என்றார்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், மில்லுக்குப் பின்னால் ஓடையில் சங்கரலிங்கம் வெட்டுப்பட்டுக் கிடந்தான்.

"மில்லுக்காரன் கொன்னுட்டானே தாயி!" என்று அவன் மனைவி இசக்கித்தாயை மில் வாசலுக்குக் கூட்டிப் போனார் பிச்சையா. அவள் மண்ணை வாரித் தூற்றினாள்.

மில் முதலாளி வெளியே வந்தார்.

"நாளைக்கு ஜெயிக்கப் போறவன் நான். வேட்பாளர் யாரு செத்தாலும் எலெக்ஷனே நின்னு போயிரும் தாயி. இந்தச் சாவு தோக்கப் போறவனுக்குல்லா வேணும்?"

அடுத்த பிடி மண்ணோடு இசக்கித்தாய் திரும்பிப் பார்த்தாள்.

பிச்சையாவைக் காணவில்லை.